போட்டிக் குழம்பும் போட்டிச் சட்டமும்

எங்கள் எல்.எல்.எம். வகுப்பின் வாட்ஸ்அப் குழுவுக்குப் 'போட்டிக் குழம்பு' என்று பெயர். அந்தச் செய்தியும் அதில்தான் வந்தது. பாடி மேம்பாலத்துக்குக் கீழே பேருந்து நகராமல் நின்றபோது கைபேசியைத் திறந்தேன். "அம்மா தூக்கத்திலேயே இறைவனில் இளைப்பாறப் போய்விட்டார்" என்று ஸ்டெல்லாவின் எண்ணிலிருந்து அவள் மகள் எழுதியிருந்தாள். அதற்கு மேலே அந்தப் பெயர். இத்தனை வருடத்தில் அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வராதது அன்றைக்குத்தான். பேருந்தென்றும் பாராமல் அழுதேன்.

பெயர் வந்த கதை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்டெல்லா பூந்தமல்லி நீதிமன்றத்தில் வக்கீல். பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு, சென்னீர்குப்பத்திலிருந்து மறுபடி படிக்க வந்தவள். நான் பாடியில் ஒரு தொழிற்சாலையின் சட்டப் பிரிவில் இருந்தேன். நாங்கள் எடுத்த பாடம் போட்டிச் சட்டமும் புத்தாக்கமும். சந்தையில் பெரியவன் சின்னவனை நசுக்காமல் பார்க்க வேண்டும். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவனுக்கு அதன் பலனும் கிடைக்க வேண்டும். இந்த இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்பதுதான் படிப்பே.

ஸ்டெல்லா தன் கோப்பின் அட்டையில் 'போட்டிச் சட்டம்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாள். ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் அந்தக் கோப்போடு கறிக்கடையில் போய் நின்றிருக்கிறாள். கடைக்காரர் அட்டையைப் படித்துவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தாராம். "இன்னாம்மா, போட்டிக்கும் சட்டம் போட்டுட்டானுங்களா? இனிமே அத்த விக்கவும் லைசென்ஸ் வாங்கணுமா?" சென்னையில் ஆட்டுக்குடலுக்கும் போட்டி என்றுதானே பெயர். "எழுத்துல ரெண்டும் ஒண்ணுதான், வாயில வச்சாதான் வித்தியாசம் தெரியும்" என்று மறுநாள் வகுப்பில் அவள் சொல்ல, பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். எங்களோடு படித்த, அவளுடைய நீதிமன்றத்திலேயே வக்கீலாக இருந்த தாமோதரன் அன்றைக்கே குழுவுக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டான்.

ஆய்வேட்டுக்குத் தலைப்பு சொல்ல வேண்டிய நாளில்தான் வம்பு வந்தது. காப்புரிமை வாங்கியவன் மற்றவர்களுக்கு உரிமம் தர மறுத்துக் கதவைச் சாத்திக்கொள்ளலாமா என்பது என் தலைப்பு. ஸ்டெல்லாவும் அதையே கொண்டுவந்திருந்தாள். ஒருத்திக்குத்தான் தருவேன், நீங்களே பேசி முடிவு செய்யுங்கள் என்று பேராசிரியர் கையை விரித்துவிட்டார். எனக்கு அது விளையாட்டல்ல. அந்த வருடத்தோடு படிப்பை முடித்துவிடுவதாக வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தேன். அந்தத் தலைப்பு போனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். தொடங்கினால் முடிப்பேனா என்பது சந்தேகம்.

அதனால் நானே வழி சொன்னேன். வாகன உதிரிபாகம் எனக்கு, கைபேசி உனக்கு, பிரித்துக்கொள்வோம் என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"போட்டி போடறவங்க ரெண்டு பேரு உக்காந்து பேசி சந்தையைப் பங்கு போட்டுக்கினா அதுக்கு இன்னா பேருடி? அதைத் தப்புன்னு தானே ரெண்டு பேரும் படிச்சிக்கினு கீறோம்? நீயும் எழுது, நானும் எழுதறேன். சார் பாக்கட்டும்."

அதன் பிறகும் பேருந்தில் எனக்கு இடம் பிடித்து வைப்பதை அவள் விடவில்லை. மருமகள் சண்டை, முழங்கால் வலி, நீதிபதியின் கோபம் எல்லாம் பேசுவோம். தலைப்புப் பக்கம் நான் லேசாகப் போனாலும், "போட்டியாளருங்க அதைப் பேசக் கூடாது" என்று சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். எனக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் அந்த எரிச்சலில் நான் படித்த அளவுக்கு அதற்கு முன்பும் படித்ததில்லை, பின்பும் படித்ததில்லை.

இருவரும் எழுதிக் கொடுத்ததைப் பேராசிரியர் படித்துப் பார்த்தார்; தலைப்பு அவளுக்குப் போனது. நான் இரண்டு வகுப்புக்குப் போகவில்லை. படிப்பை விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். அடுத்த ஞாயிறு அம்பத்தூரில் எங்கள் வீட்டு வாசலில் தூக்குச்சட்டியோடு வந்து நின்றாள். உள்ளே போட்டிக் குழம்பு.

"தோத்ததுக்கு ஆறுதல்னு நினைக்காத. நீ அவ்ளோ நல்லா எழுதிட்ட, அதுக்கு பயந்துகினுதான் நானும் ஒழுங்கா எழுதுனேன். சாப்புடு."

சாப்பிட்டுக்கொண்டே பேசினோம். திருமழிசைப் பட்டறை ஒன்றில் ஒருவர் பெரிய கம்பெனியின் வால்வைவிட நல்லதாக ஒன்று செய்துவிட்டு, அடிப்படைக் காப்புரிமை அந்தக் கம்பெனியிடம் இருப்பதால் விற்க முடியாமல் தவிக்கிறார் என்று எங்கள் அலுவலகத்தில் கேட்டதைச் சொன்னேன். ஸ்டெல்லா சோற்றில் கையை வைத்தபடியே நிறுத்திவிட்டாள். நான் கதவைச் சாத்தினவனைப் பற்றி எழுதுகிறேன், நீ வெளியே நிற்கிறவனைப் பற்றி எழுதேன் என்றாள். இப்போது மட்டும் சந்தையைப் பங்கு போடுவது சரியா என்று மடக்கினேன்.

"இது பங்கு இல்லடி. இது புதுச் சரக்கு."

அந்தச் சரக்குதான் எனக்குப் பட்டம் வாங்கித் தந்தது. பேராசிரியர்கள் பருவம் முழுக்கச் சொல்லித் தந்ததை, தோற்றவள் வேறு வழி தேடித்தான் ஆக வேண்டும் என்பதை, நான் அந்தக் குழம்போடு சேர்த்துத்தான் விழுங்கினேன். ஸ்டெல்லா பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, வழக்கம்போல் குடும்பச் சொத்து வழக்குகளுக்கே திரும்பிவிட்டாள். இவ்வளவு படித்து என்ன பயன் என்று கேட்டால், "பாகம் பிரிக்கறவங்க யாரு வந்தாலும் சந்தேகமா பாக்கறேன், போதாதா?" என்பாள். நிறைவாக வாழ்ந்தாள், நிறைவாகவே போனாள். அதனால் எனக்குத் துக்கத்தைவிட அவளோடு பழகிய சந்தோஷம்தான் அதிகம்.

அடக்கம் முடிந்த மறுநாள் மகள் குழுவில் கேட்டிருந்தாள், நினைவு மலருக்கு யாராவது எழுதித் தர முடியுமா என்று. உடனே தாமோதரன் என்னை அழைத்தான். படிப்புக் காலத்தை நீ எழுது, நீதிமன்றக் காலத்தை நான் எழுதுகிறேன், ஒன்றோடொன்று இடிக்காமல் இருக்கும் என்றான். நல்ல யோசனைதான். ஆனால் என் வாய் எனக்கு முன்னே பதில் சொல்லிவிட்டது.

"நீயும் எழுது, நானும் எழுதறேன். ஸ்டெல்லா பாக்கட்டும்."

அவன் சிரித்துவிட்டான். அவளிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது இதைத்தான். தாமோதரன் எழுதியது அடுத்த பக்கத்தில் இருக்கிறது. படித்துப் பாருங்கள், அவன் நன்றாக எழுதிவிடுவான் என்று பயந்துதான் இதை மூன்று தடவை எழுதினேன்.