காலி நாற்காலியில் சீட்டாட்டம்

கோவளத்தில் பெரியம்மா வீட்டுக் கூடத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. ஆபீஸில் வருஷக்கணக்காக டைப் அடித்து வலது மணிக்கட்டு போய்விட்டதால், அதில் சீட்டு ஆடுவதற்குப் பெரியம்மா தனி ஏற்பாடு செய்திருந்தாள். மவுஸைத் தொடவே மாட்டாள். ஒயர் இல்லாத கீபோர்டை மடியில் ஒரு தலையணை மேல் வைத்துக்கொண்டு, சீட்டைப் புரட்ட இசட், எடுக்க எக்ஸ், போட சி என்று எல்லாவற்றையும் இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே எனக்கும் அது மனப்பாடம். சீட்டு புரளும்போதெல்லாம் கம்ப்யூட்டரிலிருந்து சரக்கென்று ஒரு சத்தம் வரும்.

பெரியப்பா ராத்திரியில் மாமல்லபுரத்து ஓட்டல் ஆட்களை வேனில் ஏற்றி இறக்குகிறவர். மதியம்தான் அவருக்குத் தூக்கம். உள்ளறையில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "அந்த சீட்டு சத்தத்த நிறுத்துமே, மனுசன் தூங்க வாணாமா" என்று தினமும் சலித்துக்கொள்வார். பெரியம்மா அதைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

பெரியம்மா திடீரென்று மாரடைப்பில் போய்விட்டாள். அடுத்த கோடை லீவுக்கு அங்கே போனபோது, முதல் நாள் மதியம் கூடத்தில் தனியாகப் படுத்துக் கண்ணயர்ந்தேன். சரக்கென்று ஒரு சத்தம். விழித்துப் பார்த்தால் திரையில் ஒரு சீட்டு தானாகப் புரண்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. நாற்காலி காலி. அதில் பெரியம்மாவின் தலையணை மட்டும், நடுவில் குழிந்தபடியே கிடந்தது. என்மேல் உயிராக இருந்தவள், என்னை ஒன்றும் செய்யமாட்டாள் என்று மனசுக்குச் சொல்லிப் பார்த்தேன். பிரியம் வேறு, பேய் வேறு என்பது அந்த வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது.

எப்படியோ எழுந்து உள்ளறைக்கு ஓடினேன். பெரியப்பா வழக்கம்போலச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். போர்வைக்குள் அவர் இடது கை அசைந்தது. கூடத்தில் சீட்டு புரண்டது. கீபோர்டு போர்வைக்குள் இருந்தது.

"இன்னா கண்ணு, பயந்துக்கினியா? போய்ப் படு" என்றார், திரும்பாமலே.

பேய் இல்லை என்று தெரிந்ததில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட. ஆனால் நாலைந்து நாளில் அந்த விளையாட்டு தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு, பெரியம்மா வைத்திருந்த கீ எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. அன்று மதியம் கடல் இரைச்சல் தவிர வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. பெரியப்பா எழுந்து வந்து அந்தக் காலி நாற்காலி முன்னால் நின்றார். முகம் வெளுத்திருந்தது, கையில் கீபோர்டு. சீட்டு தானாகப் புரண்ட அன்றைவிட அவரைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

"நின்னுபூச்சு கண்ணு. உங்க பெரிம்மா வெச்சிருந்தா மாரியே மாத்திக் குடேன்."

மாற்றிக் கொடுத்தேன். அப்போது அந்தக் கோடையில் அவர் ஆடிய ஆட்டங்களின் கணக்கும் திரையில் தெரிந்தது. ஒன்றில்கூட ஜெயித்திருக்கவில்லை. உங்களுக்குத்தான் வலது கை நன்றாக இருக்கிறதே, மவுஸ் வைத்து ஆடினால் ஜெயிக்கலாமே என்று பெரிய மனுஷிபோல் யோசனை சொன்னேன். அவர் கீபோர்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

சற்று நேரத்தில் சீட்டு புரண்டது. பிறகு குறட்டை கேட்டது. குறட்டைக்கு நடுவிலும் கூடத்தில் சீட்டு விடாமல் புரண்டுகொண்டே இருந்தது. எட்டிப் பார்த்தேன். தூங்கிப்போன விரல் இசட் மேல் அப்படியே கிடந்தது.

இவ்வளவு மோசமாக ஆடுகிற மனுஷர் எதற்காக விடாமல் ஆடுகிறார் என்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அந்தக் கட்டிலிலிருந்து திரை தெரியாது என்பது அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.