மூன்று வரி வெயில்

சமயநல்லூரில் எங்கள் கரி பஸ் மூச்சு வாங்கி நின்றுவிடுகிறது. டிரைவர் பின்பக்க உலையில் கரியைக் கொட்டிக் கிளறுகிறார். புகைக்குத் தப்பி எதிரே இருக்கும் காப்பிக் கடைக்கு ஓடுகிறேன். யுத்தம் முடிந்தும் சீனி வரவில்லை, கருப்பட்டிக் காப்பிதான். கடைக் கதவில் கரியால் எழுதியிருக்கிறது:

மாசி வெயில்
ரேஷன் கடை வாசலில்
நிழலும் வரிசையில்

"யாரு பாய் எழுதுனது?"

"நான்தேன்" என்கிறார் கடைக்காரர். பினாங்கில் மளிகை வைத்திருந்து, யுத்தம் முடிந்து கப்பலேறி வந்தவர். "அந்த ஊரை ஜப்பான்காரன் பிடிச்சு வச்சிருந்தப்ப, சாமான் வாங்க வார சிப்பாய் ஒருத்தன் சொல்லிக் குடுத்தான். மூணே வரி. அதுல பருவம் ஒண்ணு வரணும். கோவம் வெளிய தெரியப்படாது."

"போலீஸ் பாக்கலையா?"

"ஏட்டையா படிச்சாரே! 'ஆமா பாய், எம்புட்டு வெயிலு'ன்னு முகத்தைத் தொடச்சுக்கிட்டுப் போனாரு."

நான் வாய்விட்டுச் சிரிக்கிறேன். அவர் காய்ந்த ரோட்டைப் பார்க்கிறார்.

"பினாங்குல சாயங்காலமானா மழை வரும். அந்த வாசத்துக்கு இன்னும் மனசு ஏங்குதுண்ணே."

"ஜப்பான்காரனைப் பத்தியும் எழுதுனீகளா?"

"ஒண்ணே ஒண்ணு." சயாம் ரயில்பாதை வேலைக்கு ஜப்பான்காரர்கள் பிடித்துக்கொண்டுபோன அவர் தம்பி திரும்பவில்லையாம். மெதுவாகச் சொல்கிறார்:

சயாம் மழை
தண்டவாளக் கட்டை ஒவ்வொன்றும்
ஓர் ஆள் நீளம்

"அந்தச் சிப்பாய்கிட்ட மலாய்ல சொன்னேன். அவனுக்கு விளங்கிருச்சு. ஆனா காட்டிக் குடுக்கலைண்ணே. தொப்பியைக் கழட்டிட்டு, வெளிய போயி மழையில நின்னான்."