இ.சி.ஜி. தாளில் இல்லாத ஆள்

தோழிகளே, நம் சுற்றுக்கடிதத்தில் இது என் முறை. இன்று நான் சொல்லாமல் விட்டது: "செல்வி, நீ கேட்டது சரியான கேள்வி."

நர்சிங் மாணவிகளுக்கு இதயத்துடிப்பைப் படிக்கும் தேர்வு. நடத்தியவள் நான்.

கடைசி இ.சி.ஜி. தாளில் கோடு தாறுமாறாக ஓடியது. எல்லாரும் "உயிருக்கு ஆபத்து" என்று எழுதினார்கள். என்னிடம் இருந்த விடையும் அதுதான்.

மல்லசமுத்திரத்துச் செல்வி மட்டும் எழுந்தாள். "சிஸ்டர், இந்த ஆளு பேசறாருங்களா, மயங்கிட்டாருங்களா? குளுருல நடுங்குனாலும் கோடு இப்படித்தானுங்க வரும்."

"பரீட்சைத் தாள்ல ஆளைத் தேடறா பாருடி!" என்றாள் பக்கத்திலிருந்தவள். வகுப்பே சிரித்தது.

"பேசாம எழுதும்மா" என்றேன். செல்வி அந்த இடத்தை வெறுமையாக விட்டாள். தேர்ச்சிக்கு அந்த ஒரு கேள்வியின் மதிப்பெண்தான் குறைந்தது.

மதியம் அதே தாளை அஸ்தம்பட்டியில் இருக்கும் இதய டாக்டரிடம் காட்டினேன். பார்த்ததும் அவர் கேட்டார்: "ஏம்மா, ஆளு பேசறாரா?"

காலையிலிருந்து நான் சோதித்தது எதை என்றே எனக்குத் தெரியவில்லை. தோழிகளே, இந்தக் கடிதம் உங்களிடையே சுற்றி வரும்போது ஆளுக்கொரு வரி பதில் எழுதுங்கள். ஆளைப் பார்க்காமலே எழுதலாம், இங்கே அதுதான் வழக்கம்.

ஐந்து மணிக்கு மதிப்பெண் பட்டியலில் கையெழுத்திட்டு அனுப்பினேன். செல்வி ஆறு மாதம் கழித்து மறுபடி எழுத வேண்டும்.