உப்புவெளியின் கண்ணாடிப் பூச்சி

திருகோணமலைக் கரையோர உப்புவெளியில் நான் தங்கியிருக்கும் விடுதியின் வரவேற்பு மேசைமேல் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. உள்ளே குண்டூசியில் குத்திய வண்ணத்துப்பூச்சி. இறக்கை வழியே பின்சுவர் தெரிகிறது. 'எங்கள் மழைக்காட்டின் கண்ணாடி வண்ணத்துப்பூச்சி' என்கிறது அட்டை. திருகோணமலையில் மழைக்காடு! வாசலில் நிற்கும் வேம்பே காய்ந்து கிடக்கிறது.

"இது நடு அமெரிக்கக் காட்டுப் பூச்சி ஆயிற்றே?" என்று விடுதிக்காரர் அந்தோனியிடம் கேட்கிறேன்.

"ஓம் ஐயா, கோதுமைக் கப்பலிலை வந்தது," என்கிறார் கூசாமல்.

அசல் பூச்சி புழுவாக இருக்கும்போதே நச்சு இலை தின்று உடம்பைக் கசப்பாக்கிக்கொள்ளும். வளர்ந்தபின் இலைகளுக்கிடையே யார் கண்ணிலும் படாமல் இருப்பதற்குத்தான் அந்த இறக்கை. மேசைமேல் காட்சி கொடுப்பது அதன் குணமே இல்லை.

சமையலறையிலிருந்து அவர் மனைவி கூப்பிடுகிறார்: "இஞ்சாருங்கோ, மற்றப் பூச்சியின்ரை செட்டையிலை இருந்த மஞ்சள் பொடியையும் பிரஷ்ஷாலை துடைச்சுப்போட்டன், இப்ப கண்ணாடி மாதிரி இருக்கு. பெட்டியிலை வைக்கட்டோ?"

அந்தோனியின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "மஞ்சளா வாசலிலை பறக்கேக்கை ஒருத்தரும் திரும்பிப் பாக்கினமில்லை, ஐயா. துடைச்சு வைச்சால் வரிசையிலை நிண்டு பாக்கினம்."

நானும் அந்த வரிசையில்தான் நிற்கிறேன். எனக்கு முன்னால் நிற்கும் வெள்ளைக்காரப் பெண்ணின் தொப்பியில் ஒரு மஞ்சள் வண்ணத்துப்பூச்சி வந்து உட்காருகிறது. அவர் அதைத் தட்டிவிட்டு, பெட்டிக்கு இன்னும் கிட்டப் போய்ப் படம் எடுக்கிறார்.