கழற்றிய ஜன்னல் கதவுகள்

உதியன்குளங்கரை பஸ் நிறுத்தத்தை ஒட்டி அந்த டீச்சரின் வீடு. தொண்ணூறுகளில் நான் அதற்கு எதிரே ஒரு மாடியறையில் குடியிருந்தேன். டீச்சர் நல்ல உயரம், கழுத்தளவு வெட்டிவிட்ட நரைமுடி. யார் எதைக் கேட்டாலும், வாயில் இருப்பதை நிதானமாக மென்று விழுங்கிய பிறகுதான் பதில் சொல்வார்.

கப்பலில் வேலை பார்த்த தம்பி விட்டுப்போன இகுவானா ஒன்று அவர் வீட்டு முன்னால் கம்பிவலைக் கூண்டில் இருந்தது. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள், குச்சியால் குத்துவார்கள். அந்தப் பெரிய ஓணான் மிரண்டு வலையில் மோதி மோதி மூக்கைப் புண்ணாக்கிக்கொண்டது.

ஒரு நாள் காலையில் டீச்சர் தன் முன்னறை ஜன்னலின் பலகைக் கதவுகளைக் கழற்றி, கூண்டின் மூன்று பக்கமும் வைத்து ஆணி அடித்துவிட்டார். கிணற்றுப் பக்கம் மட்டும் வெளிச்சத்துக்குத் திறந்திருந்தது.

பக்கத்துச் சாயாக்கடைக்காரருக்குக் கோபம்.

"இதென்ன பணி டீச்சரே? அதைப் பாக்க ஆளு கூடினாத்தானே எனக்கு யாவாரம் உண்டு?"

ஜன்னல் கம்பிகளுக்கு உள்ளே டீச்சர் அவித்த மரச்சீனிக் கிழங்கு தின்றுகொண்டிருந்தார். மென்று முடித்தார்.

"அதுக்கு ஒளிஞ்சிருக்க ஒரு எடம் வேணும் மக்கா. ஆளுவளுக்கு எதையாவது பாத்தே தீரணும்னா என்னெ பாக்கட்டும். நான் இஞ்சதான் உண்டு."

நாற்காலியை ஜன்னலுக்கு நேராக இழுத்துப் போட்டு, அடுத்த துண்டை வாயில் வைத்தார். ஓணானை மணிக்கணக்கில் முறைத்தவர்கள், அவர் மெல்வதை ஒரு நிமிஷம் பார்க்க முடியாமல் பஸ் வரும் திசைக்குத் திரும்பிக்கொண்டார்கள். மாடியிலிருந்த நானும் என் ஜன்னலைச் சாத்தினேன்.

ஜூன் மாதத்து எடவப்பாதி மழை வந்தும் அவர் புதிய கதவு போடவில்லை. சாரல் படாமல் புடவைத் தலைப்பால் கிழங்குத் தட்டை மூடிக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடியே தின்றார்.