பத்துப் பச்சை, ஒரு சிவப்பு

கணினியில் 'ரன்' பொத்தானை அழுத்துவதற்கு முன் அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுவார். எழுத்து தெரியக் கூடாது; சரி என்ற பச்சையா, தவறு என்ற சிவப்பா என்பது மட்டும் தெரிந்தால் போதும். பச்சை என்றால் கண்ணாடி மூக்குக்குத் திரும்பும்.

மகளுக்காக ஒன்பது வருடம் வீட்டில் இருந்துவிட்டு எங்கள் அலுவலகத்தில் மறுபடி வேலைக்குச் சேர்ந்தவர். மூன்று மாதச் சோதனைக் காலம் அன்றோடு முடிகிறது. குழந்தையின் எடைக்கு எத்தனை மில்லி மருந்து என்று கணக்கிடும் கணினி நிரல் அவருடையது. அது சரியான விடை தருகிறதா என்று பார்க்கும் பதினொரு சின்னச் சோதனைகளையும் இணையத்தளம் ஒன்றில் எழுதி, எங்கள் எல்லோருக்கும் லிங்க் அனுப்பியிருந்தார். திறந்தால் அங்கேயே ஓட்டிப் பார்க்கலாம். நான்கு மணிக்கு மேலாளர் ஓட்டிப் பார்ப்பார். அதைப் பொறுத்துத்தான் வேலை நிரந்தரம்.

காலையிலிருந்து மூன்றாவது முறையாக மகளிடமிருந்து அக்காவுக்குப் போன்.

"இன்னும் இல்லடி. நாலு மணிக்குத்தான். சும்மா சும்மா கேக்காத."

பக்கத்து இருக்கைக்காரர் சிரித்தார். எதற்கும் தீர்ப்பு சொல்வதால் அவருக்கு நாட்டாமை என்று பெயர். "பரீட்சை பொண்ணுக்கா, உங்களுக்காக்கா?"

"உனக்கென்னப்பா, நாற்காலியோட ஒட்டிப் பிறந்தவன்."

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோது அந்த லிங்க்கைத் திறந்தேன். அக்கா எழுதும் விதம் எனக்குப் பிடிக்கும். நல்ல கவிதையில் போல வரிகளுக்கு நடுவே மூச்சுவிட இடம் இருக்கும். சோதனை உண்மையிலேயே தவறைப் பிடிக்கிறதா என்று பார்க்க, வரவேண்டிய விடையை ஐந்திலிருந்து ஆறாக்கினேன். சிவப்பு வந்தது. திருப்தியாக மூடிவிட்டேன். நான் மாற்றியது என் பிரதியை மட்டும் என்று நினைத்திருந்தேன்.

நான்கு மணி. சுவர்த்திரையில் பத்துப் பச்சை, ஒரு சிவப்பு.

"என்னம்மா இது?" என்றார் மேலாளர். "மருந்து விஷயம். ஒரு மில்லி கூடிப்போச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

சிவப்பாக நின்றது நான் ஆறாக்கிய அதே சோதனை. "சார்" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

அக்கா மடிக்கணினியை இழுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் எதையோ பார்த்தார்.

"நிரல் சரியாத்தான் இருக்கு சார். சோதனையில விடை தப்பு. லிங்க்க யாரும் திருத்த முடியாதபடி பூட்டி அனுப்பியிருக்கணும். பூட்டல. என் தப்புதான்."

ஆறை ஐந்தாக்கி ஓட்டினார். பதினொன்றும் பச்சை.

மேலாளர் பேனாவை மூடினார். "சரி. இன்னும் ஒரு மாசம் பாப்போம்."

வெளியே நடைவழியில் அக்கா போனில் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஃபெயில் இல்லடி. இன்னும் ஒரு மாசம், அவ்வளவுதான்... அழாத."

அந்த மாதம் முழுக்க, சொல்லிவிட ஒரு வாக்கியம் தயாரித்தேன், அழித்தேன். என் நாக்குக்குப் பூட்டு. மாதக் கடைசியில் அவருக்கு வேலை நிரந்தரமான பிறகுதான், முதலில் நாட்டாமையிடம் உளறினேன்.

"தெரியும்டா" என்றார் அவர். "யாரு எப்ப எதை மாத்துனாங்கன்னு அந்தத் தளத்துலயே பேரோட வரும். மீட்டிங்லயே அக்கா பாத்துட்டாங்க. நீ வந்து ரெண்டு மாசந்தான் ஆகியிருந்துச்சு, உன்னைத் தூக்கிருவாங்கன்னு என் வாயையும் அடைச்சுட்டாங்க."