கட் சொல்லுமுன் எழும்பிய குலம் அண்ணை

குலம் அண்ணை போய்விட்டார் என்று வல்வெட்டித்துறையிலிருந்து நண்பர் ஒருவர் தொலைபேசியில் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். "திரும்பவும் செத்திட்டாரோ?" என்று கேட்டேன். அவரும் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, இந்த முறை உண்மைதானாம் என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவர் வீட்டுக்கே தொலைபேசி எடுத்தேன். பூமணி அக்காதான் பேசினார். கணவரைப் பற்றி யார் கேட்டாலும் ஒரு முறைப்பாட்டோடு தொடங்குகிறவர், அன்று ஒன்றும் முறையிடவில்லை. "இது படமில்லைத் தம்பி. வாங்கோ" என்றார்.

கராத்தே குலம் என்றால் எழுபதுகளில் யாழ்ப்பாணத்துத் தியேட்டர்களில் காற்சட்டையோடு விசிலடித்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கடலோடிக் குடும்பத்தில் பிறந்து, கப்பலில் சமையற்காரனாகப் போய், ஹொங்கொங் துறைமுகத்தில் இறங்கிய நாளெல்லாம் சண்டைப் படம் பார்த்து, ஊர் திரும்பி, கொழும்பிலே எடுத்த நாலு தமிழ்ப் படங்களில் பறந்து பறந்து அடித்தவர் அவர். உங்கள் குரு யார் என்று ஒருமுறை கேட்டேன். ஒரு மாஸ்டரின் பெயர் வரும், கும்பிட்டுக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். "குருவோ? முன் வரிசை டிக்கெட்தான்" என்றார். கப்பலின் சமையலறையில் உருளைக்கிழங்கு மூட்டைகளை உதைத்துப் பழகினாராம். அன்றைய கறிக்கு உரிக்கிற வேலை பாதி குறைந்ததாகவும் சொன்னார். அதை நான் முழுதாக நம்பவில்லை.

அவருடைய வாழ்க்கையைப் படமாக எடுக்கவேண்டும் என்று புறப்பட்டவள் உடுவில் ஊர்ப் பிள்ளை மதுரா. அவளுடைய அப்பா சின்ன வயதில் குலம் அண்ணையின் வெறியராம். திரைக்கதை எழுத என்னைப் பிடித்தாள். தொடங்கிய பிறகுதான் தெரிந்தது, அந்த நாலு படங்களில் ஒன்றின் பிரதிகூட மிஞ்சவில்லை. யுத்தகாலத்தில் எது எரிந்தது, எது எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. சண்டை நடிகர் ஒருவரின் கதை. காட்டுவதற்கு ஒரு சண்டைகூட இல்லை. நடித்தவரிடமே கேட்டோம். கடைசிப் படத்தின் கடற்கரைச் சண்டையில் யார் முதலில் அடித்தது என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. "அடிச்சவனுக்கு என்ன ஞாபகம் இருக்கப்போகுது? வாங்கினவனைக் கேளுங்கோ. அவன் இல்லாமல் என்ரை கதை எண்டு எடுத்தால் அது பொய்" என்றார். இந்த ஒரு நிபந்தனையில் கடைசிவரை அசையவில்லை.

வாங்கியவர் அளவெட்டிப் பத்மநாதன். நாதஸ்வரக் குடும்பத்துப் பிள்ளை. நல்ல உயரம், கனத்த மீசை. நாலு படத்திலும் அவர்தான் வில்லன், நாலிலும் அவர்தான் விழுந்தார். வெளியே இரண்டு பேரும் ஒரே அறையில் படுத்து ஒரே பார்சலைப் பங்கிட்டுச் சாப்பிட்ட கூட்டாளிகள். கடற்கரைச் சண்டையில் குலம் அண்ணையின் கால் ஈர மணலில் வழுக்கியது. உதை மெய்யாகவே பத்மநாதனின் வாயில் விழுந்தது. முன்பற்கள் போயின, உதடு கிழிந்தது. நாதஸ்வரம் ஊதுகிற வாய். ஒரு வருஷம் கோயிற் சேவகமும் இல்லை, கலியாண வீடும் இல்லை. அதையும் அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் அந்த உதையைப் படத்தில் அப்படியே வைத்துவிட்டார்கள். தியேட்டரில் அதற்குத்தான் பெரிய விசில். தன்னுடைய இரத்தத்துக்குச் சனம் விசிலடிப்பதை இருட்டில் இருந்து பார்த்த மனுஷன் எழும்பிப் போனார். அதோடு பேச்சு நின்றது.

இந்தக் கதையைச் சொன்னபோதுதான் குலம் அண்ணை சிரிக்காமல் இருந்ததை முதன்முதலாகக் கண்டேன். "அதை வெட்டச் சொல்லி நான் கேட்டிருக்கவேணும். நல்லாய் வந்திருந்தது எண்டு வாயை மூடிக்கொண்டிருந்திட்டன்" என்றார்.

அளவெட்டிக்கு மதுராவும் நானும் பலமுறை போனோம். ஒவ்வொரு முறையும் மகன் வாசலுக்கு வந்து, அப்பா நித்திரை என்றார். உள்ளேயிருந்து தோடி ராகம் கேட்டுக்கொண்டிருக்கும். கட்டுப்பல்லோடு அவ்வளவு அழகாக ஊதுகிற மனுஷன், நித்திரையில் இன்னும் அழகாக ஊதுவார் போலிருக்கிறது என்று நாங்கள் திரும்பி வருவோம். குலம் அண்ணை ஒருநாள் தானே வந்தார். அந்தத் தெரு முனைவரை வந்தவர், அதற்கு மேல் வரமாட்டேன் என்று ஓட்டோவை விட்டு இறங்கவில்லை. உயரத்தில் பறந்து உதைத்தவருக்கு ஒரு வாசற் படலையைத் திறக்கிற தைரியம் இருக்கவில்லை.

பிறகு நடந்ததைத்தான் வல்வெட்டித்துறையே இன்றும் சொல்லிச் சிரிக்கிறது. படத்தின் முதற்காட்சி ஒரு கற்பனை: ஊரெல்லாம் குலத்தின் மரண அறிவித்தல் ஒட்டியிருக்கிறது, அவரோ சந்தியில் நின்று அதை வாசிக்கிறார். யோசனை அவருடையதுதான். "எல்லாரும் வாசிப்பினம், நான் மட்டும் வாசிக்கேலாது. அதுதான் கவலை" என்றார். நான் அறிவித்தலை எழுதினேன். உற்சாகம் மிகுந்த கலைக்குழுப் பிள்ளைகள் அதைச் சந்தியில் மட்டும் ஒட்டாமல் நெல்லியடிவரை ஒட்டினார்கள். ஒழுங்கை நெடுக வெள்ளைக் கொடி கட்டினார்கள். படப்பிடிப்பு முடிந்து எல்லோரும் சாப்பிடப் போன இடைவெளியில் யாரோ அதைப் படமெடுத்துக் கனடாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அவ்வளவுதான். லண்டனில் ஒருவர் கவிதை எழுதினார். பக்கத்து ஊர்ச் சங்கம் மலர்வளையத்தோடு வந்தது. அயலட்டைப் பெண்கள் சோறு கறி சமைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். பூமணி அக்கா தொலைபேசியைக் காதில் வைத்தபடி, "ஓம், இருக்கிறார். ஓம், தேத்தண்ணி கேக்கிறார்" என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனார். குலம் அண்ணை வாசலில் கதிரை போட்டு இருந்து, வந்தவர்களிடம் தன்னைப் பற்றி என்ன சொல்ல நினைத்து வந்தார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். மலர்வளையத்தையும் திருப்பிக் கொடுக்கவில்லை.

எங்கள் பக்கத்தில், கதை பேச்சு இல்லாதவர்கள் ஒருவர் வீட்டு நல்ல காரியத்துக்கு மற்றவர் போவதில்லை. ஆனால் செத்தவீட்டுக்குப் போகத்தான் வேண்டும். கோபத்தைப் படலையில் விட்டுவிட்டு உள்ளே போகலாம். போகாமல் விட்டால் பிறகு ஊரில் முகம் கொடுக்க ஏலாது. அன்று பின்னேரம் பஸ்ஸை விட்டு இறங்கி, வெள்ளை வேட்டியும் தோளில் சால்வையுமாகக் கொடிகளைப் பார்த்துக்கொண்டே தலையைக் குனிந்தபடி ஒழுங்கையால் ஒருவர் வந்தார். மீசை நரைத்திருந்தது. படலையைத் திறந்து நிமிர்ந்தவர் பத்மநாதன் அண்ணை. எதிரே தேத்தண்ணிக் கோப்பையோடு பிரேதம் இருந்தது.

பத்மநாதன் அண்ணையின் கண் ஏற்கெனவே சிவந்துதான் இருந்தது. திட்டப்போகிறார், இல்லாவிட்டால் திரும்பி நடக்கப்போகிறார் என்று நினைத்தேன். மதுரா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் கடைசியில் வாயைத் திறந்து, இத்தனை வருஷத்துக்குப் பிறகு கேட்ட முதற்கேள்வி இதுதான்:

"முழுகத் தண்ணி எடுத்துவைக்கச் சொல்லிப்போட்டெல்லோ வந்தனான். இப்ப நான் முழுகிறதோ, விடுகிறதோ?"

செத்தவீட்டுக்குப் போனவர் முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் போகவேண்டும். இது எந்தக் கணக்கில் சேர்த்தி என்று அங்கிருந்த பெரியவர்களுக்கும் தெரியவில்லை. குலம் அண்ணை எழும்பி, கதிரையை அவர் பக்கம் தள்ளினார். தள்ளிய வேகத்தில் தேத்தண்ணி சேர்ட்டில் சிந்தியது. "முதல்ல இரு. பத்மா, இந்த முறை நீ அடி, நான் விழுறன்" என்றார். பத்மநாதன் அண்ணை இருந்தார். நித்திரையிலிருந்து ஒருவழியாக எழும்பிவிட்டார் என்று நான் மதுராவின் காதில் சொன்னேன். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

கடற்கரைச் சண்டையை அந்த மாதமே எடுத்தோம். ஒவ்வொரு அடியும் பத்மநாதன் அண்ணைக்கு மனப்பாடம். வாங்கினவரல்லவா. முழங்கால் வலியால் அவருடைய உதை இடுப்புக்கு மேலே போகவில்லை. அதனால் மெல்லத் தள்ளுவது என்று தீர்மானமாயிற்று. குலம் அண்ணை ஈர மணலில் விழவேண்டும். கட் சொல்லும்வரை அசையாமல் கிடக்கவேண்டும். அதுதான் அவரால் முடியவில்லை. வாழ்க்கை முழுக்க மற்றவர்களை விழுத்தியவருக்கு விழுந்து கிடந்து பழக்கமில்லை. விழுந்தவுடன் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்ப்பார். அலை காதுக்குள் வந்தால் சிரிப்பார். எழும்பி, எப்படி இருந்தது என்று கேட்பார். பொழுது சாயும்வரை இதே கதை. பத்மநாதன் அண்ணை இடுப்பில் கை வைத்து நின்று ஏசினார்: "கட் சொல்லுமட்டும் கிடவடா. நாலு படத்திலை நான் கிடக்கேல்லையே?" அதற்கு அவர் சொன்ன பதிலை நான் அடிக்கடி நினைப்பதுண்டு: "விழுகிறது லேசு பத்மா. கிடக்கிறதுதான் வேலை. அது எனக்கு இண்டைக்குத்தான் விளங்குது."

வெளிச்சம் போவதற்குச் சற்று முன்புதான் ஒரு டேக்கில் ஒழுங்காகக் கிடந்தார். படத்தில் இருப்பது அதுதான். ஊர் மண்டபத்தில் முதன்முறை திரையிட்டபோது இருவரும் பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் இருந்தார்கள். அந்த இடத்தில் மண்டபமே விசிலடித்தது. குலம் அண்ணை முழங்கையால் இடித்து, "உது உனக்கு" என்றார். பத்மநாதன் அண்ணை திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சால்வையால் முகத்தை மட்டும் துடைத்துக்கொண்டார்.

உண்மையான செத்தவீட்டுக்கு, அந்தப் பொய்ச் செத்தவீட்டுக்கு வந்ததில் பாதிச் சனம்கூட முதலில் வரவில்லை. பலர் என்னைப் போலவே நம்பவில்லை. வந்தவர்களும் படலையில் நின்று கமரா இருக்கிறதா என்று பார்த்துவிட்டே உள்ளே வந்தார்கள். பத்மநாதன் அண்ணை வந்து தலைமாட்டில் நின்றார். நெடுநேரம் பார்த்தார். ஒற்றைக் கண் திறக்குமா என்று பார்க்கிறார் என எனக்குத் தெரிந்தது. நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இண்டைக்கு ஒரே டேக்கிலை கிடக்கிறான்" என்றார்.

பூமணி அக்கா உட்பட எல்லோரும் சிரித்தோம். சிரித்த வாயோடேயே அழுதோம். புறப்படும்போது பத்மநாதன் அண்ணை என்னிடம், "இண்டைக்கு முழுகத்தான் வேணும் தம்பி" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

குலம் அண்ணை கிடக்கிற காட்சியை நீங்கள் எல்லோரும் படத்தில் பார்க்கலாம். மதுராவிடம் கேட்டு நான் வாங்கி வைத்திருப்பது வேறு. அன்று மணலில் விழுந்து, கட் சொல்லுமுன் கண் திறந்து, சிரித்து, மண்ணைத் தட்டிக்கொண்டு குலம் அண்ணை எழும்பிய துண்டுகள் முழுவதும் என்னிடம் இருக்கின்றன. அதில் ஒன்றையும் நான் வெட்டவில்லை.